வட கரோலினாவின் 14 தொகுதிகளைப் பெரம்பூரில் வரைந்தோம்: 'டேவ்ஸ் ரீடிஸ்டிரிக்டிங்' இணையச் செயலி மதிப்புரை

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சங்கிலியோடும் புலப்படத்தோடும் கழித்தவன் நான். ஒரு கோடு இரண்டு அடி தள்ளி விழுந்ததால் அண்ணனும் தம்பியும் இரண்டு தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாத வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் நான் அளந்த கோடுகளெல்லாம் நிலத்தைப் பிரித்தவை. வாக்குகளைப் பிரிக்கும் கோட்டை என் கையாலேயே போட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஓய்வுக்குப் பிறகு, பெரம்பூர் வீட்டுக் கூடத்தில், ஒரு மடிக்கணினித் திரையில்தான் கிடைத்தது. அதற்கு வழிசெய்த 'டேவ்ஸ் ரீடிஸ்டிரிக்டிங்' என்ற இணையச் செயலியை மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டில் எல்லோரும் பேசும் காலம் இது. அந்த வேலையை ஒருமுறையேனும் செய்து பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. இச்செயலி அமெரிக்க மாநிலங்களுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், செய்து பார்க்கும் அனுபவத்தைச் சென்னையில் இருப்பவருக்கும் காசு வாங்காமல் தருகிறது.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவள் சட்டம் படிக்கும் என் அண்ணன் மகள். தொகுதி எல்லைகளில் நீதிமன்றம் தலையிடலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவள் ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் வட கரோலினா மாநில வழக்குகள் அதில் முக்கியப் பகுதி. "சித்தப்பா, தீர்ப்பு புரியுது. ஆனா அந்தக் கோட்டுல என்ன தப்புன்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு புரசைவாக்கத்திலிருந்து வந்துவிட்டாள். எனக்கும் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவைத்தது இந்தச் செயலிதான்.

டேவ் பிராட்லி என்ற மென்பொருள் பொறியாளர் தொடங்கிய முயற்சி இது. இணைய உலாவியிலேயே இயங்குவதால் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. வரைந்ததைச் சேமித்து வைக்க மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் போதும். ஐம்பது மாநிலங்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்ததும் அந்த மாநிலம் பல்லாயிரம் சிறு கட்டங்களாகத் திரையில் விரிகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு 'பிரிசிங்ட்'. நம் வாக்காளர் பட்டியலில் 'பாகம்' என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அது. அந்தக் கட்டத்தின் மீது சுட்டியை வைத்தால் அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள், எந்தெந்த இனத்தவர் எவ்வளவு, கடந்த தேர்தல்களில் யாருக்கு எவ்வளவு வாக்கு என்பதெல்லாம் தெரிகிறது. ஒரு தொகுதிக்கு ஒரு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, சுவருக்கு வெள்ளை அடிப்பது போலக் கட்டங்களின் மேல் தடவிக்கொண்டே போனால் தொகுதி உருவாகிறது. பெரிய தூரிகை வேண்டுமானால் ஒரு முழு கவுண்ட்டியையே, அதாவது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவையே, ஒரே சொடுக்கில் சேர்க்கலாம். சிறியது வேண்டுமானால் ஒரு தெருத் தொகுப்பு வரைக்கும் இறங்கலாம். ஒரு தொகுதியின் துண்டு தனித்துத் தொங்கினாலோ, எந்தத் தொகுதியிலும் சேராத கட்டம் எங்கேனும் விடுபட்டாலோ உடனே சுட்டிக்காட்டுகிறது. புலப்படத்தில் உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட துண்டைத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் எங்கள் துறைக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

எதற்காக வட கரோலினா என்று கேட்கலாம். கோட்டின் வலிமையைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான மாநிலத்தை நான் அறியேன். 2020 அதிபர் தேர்தலில் அங்கே டிரம்புக்கு 49.9 விழுக்காடும் பைடனுக்கு 48.6 விழுக்காடும் வாக்குகள் விழுந்தன, ஏறக்குறையச் சரிபாதி. அப்படிப்பட்ட மாநிலத்தின் 13 நாடாளுமன்ற இடங்களில் 2016 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3. மாநில நீதிமன்றம் தலையிட்டதால் கோடுகள் மாறின. 2020இல் 8க்கு 5 ஆனது. மக்கள்தொகை வளர்ச்சியால் இடங்கள் 14 ஆயின. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டமன்றம் வரைந்த வரைபடத்தைச் செல்லாது என்றது. நீதிமன்ற மேற்பார்வையில் வரையப்பட்ட வரைபடத்தில் 7க்கு 7 வந்தது. அந்த ஆண்டு நீதிபதிகளுக்கான தேர்தலில் அதே நீதிமன்றத்தின் பெரும்பான்மை கைமாறியது. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை பழைய தீர்ப்பைத் திருப்பிவிட்டது. சட்டமன்றம் மீண்டும் வரைந்தது. 2024இல் 10க்கு 4. எட்டு ஆண்டுகளில் மக்களின் மனம் இப்படி ஊஞ்சலாடவில்லை, கோடுதான் ஆடியது. அந்த மாநிலத்தில் தொகுதி எல்லையை வகுப்பது சட்டமன்றம். பிற சட்டங்களில் ஆளுநருக்கு உள்ள தடை அதிகாரம்கூட இதில் அவருக்கு இல்லை.

நாங்கள் முதலில் எந்த வரைபடத்தையும் பார்க்காமல் நாங்களே வரைந்தோம். 2020 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவின் மக்கள்தொகை 1,04,39,388. பதினான்கால் வகுத்தால் தொகுதிக்கு 7,45,671 பேர். கவுண்ட்டிகள் சரியாக நூறு. பிரிசிங்ட்டுகள் 2,600க்கும் மேல். எந்தக் கவுண்ட்டியையும் உடைக்காமல் வரைந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ராலே நகரம் உள்ள வேக் கவுண்ட்டியிலும், சார்லட் நகரம் உள்ள மெக்லன்பர்க் கவுண்ட்டியிலும் தலா 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொகுதிக்குள் அடங்காதவற்றை உடைத்தே ஆகவேண்டும். எங்கே உடைப்பது என்ற கேள்வி வந்த நொடியிலேயே வேலை கணக்கிலிருந்து அரசியலுக்கு மாறிவிடுகிறது.

கிழக்கே ஒரு கவுண்ட்டியைச் சேர்த்தால் மக்கள்தொகை மீறுகிறது, நீக்கினால் குறைகிறது, நீக்கிய கவுண்ட்டியைப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்தால் அது மீறுகிறது, அதைச் சரிசெய்யப் போனால் மாநிலத்தின் மறுகோடியில் உள்ள மலைப்பகுதி வரை தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 'எங்கள் தெருவை அந்தத் தொகுதியோடு சேர்க்காதீர்கள்' என்று மனு கொடுப்பவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் பதிலுக்கு எந்தத் தெருவைக் கொடுப்பது என்பதை அந்த மனுக்கள் ஒருபோதும் சொன்னதில்லை. இந்தச் செயலி அந்தப் பதிலைச் சொல்லாமல் யாரையும் விடாது. ஒவ்வொரு தொகுதியின் எதிரிலும் மக்கள்தொகை எவ்வளவு மிஞ்சுகிறது, எவ்வளவு குறைகிறது என்ற எண் மாறிக்கொண்டே இருக்கும். பதினான்கும் சுழியை நெருங்கும்வரை கை ஓயாது. எங்கள் முதல் வரைபடம் முடிய நான்கு மாலைகள் ஆயின.

அடுத்து, நேர்மையற்ற வரைபடத்தை வேண்டுமென்றே வரைந்து பார்த்தோம். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். சூத்திரம் இரண்டே இரண்டு: எதிரியின் வாக்காளர்களை ஓரிடத்தில் குவிப்பது, மிஞ்சியவர்களைப் பல இடங்களில் சிதறடிப்பது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வார்டுக்கு 100 பேர் வீதம் ஐந்து வார்டுகள்; ஒரு கட்சிக்கு 260 வாக்கு, மற்றொன்றுக்கு 240. முதல் கட்சிக்காரர்களில் 96 பேரை ஒரே வார்டில் குவித்துவிட்டு, மீதி 164 பேரை மற்ற நான்கில் 41 பேராகப் பிரித்தால், 260 வாக்கு பெற்ற கட்சிக்கு ஒரு வார்டும் 240 பெற்ற கட்சிக்கு நான்கு வார்டும் கிடைக்கும். தோற்ற வார்டில் விழுந்தவையும், வென்ற வார்டில் தேவையான 51க்கு மேல் விழுந்தவையும் வீணான வாக்குகள் என்று கொண்டால், ஒரு கட்சிக்கு 209 வாக்கு வீண், மற்றதற்கு 36 மட்டுமே. இந்த வீண் வாக்குக் கணக்கை வைத்துத்தான் விஸ்கான்சின் மாநிலத்தவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018இல் அந்த நீதிமன்றம் வழக்குத் தொடுக்கும் தகுதியைக் காரணம் காட்டி விசயத்துக்குள் போகாமல் திருப்பி அனுப்பியது. செயலியின் பகுப்பாய்வுப் பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வட கரோலினாவின் பழைய வரைபடத்துக்குத் திரும்பினோம். கிரீன்ஸ்பரோ நகரில் வட கரோலினா ஏ அண்ட் டி என்ற, கறுப்பின மாணவர்களுக்கென உருவாகி வளர்ந்த பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. 2016 வரைபடத்தில் 6ஆவது தொகுதிக்கும் 13ஆவது தொகுதிக்கும் இடையிலான எல்லை அந்த வளாகத்துக்குள்ளேயே போனது. விடுதியில் ஒரு மாணவர் ஒரு தொகுதி, எதிர்க் கட்டடத்தில் அவருடைய நண்பர் வேறு தொகுதி. நீதிமன்ற ஆவணங்களில் உள்ள படத்தைப் பார்த்து அதே கோட்டைச் செயலியில் நாங்களே போட்டோம். கோடு வளாகத்தைக் கடந்தபோது இரு பக்கத்து எண்களும் மாறியதைப் பார்த்ததும் என் அண்ணன் மகள் எழுந்து நின்றுவிட்டாள். மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஆஷ்வில் நகரையும் அதே வரைபடம் இரண்டாகப் பிரித்திருந்தது. சிதறடிப்பது என்று புத்தகத்தில் படிப்பதற்கும், சிதறும்போது பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம்!

செயலி ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஐந்து வகையில் நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது: வாக்கு விகிதத்துக்கும் இடங்களுக்கும் உள்ள பொருத்தம், போட்டித்தன்மை, சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம், தொகுதிகளின் கச்சித வடிவம், கவுண்ட்டிகளை உடைக்காமை. இதில் கச்சித வடிவத்தைப் பற்றி ஒரு நில அளவையன் நாலு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. ஒரே சுற்றளவுக்குள் மிகுதியான பரப்பை அடக்குவது வட்டம். ஒரு தொகுதியின் பரப்பை அதே சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்போடு ஒப்பிட்டு எவ்வளவு தேறுகிறது என்று பார்ப்பது ஒரு முறை. தொகுதியை முழுக்க அடைக்கும் மிகச் சிறிய வட்டத்தை வரைந்து அதில் தொகுதி எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. முதல் முறையில் கடலோரத் தொகுதிகள் பாவம். கரை இயற்கையாகவே நெளிந்து கிடப்பதால் சுற்றளவு கூடி மதிப்பெண் குறையும். வட கரோலினாவின் கிழக்குக் கரையில் தீவுகளும் கழிமுகங்களுமாக இருக்கும் பகுதியில் எவ்வளவு நேர்மையாக வரைந்தாலும் இந்தத் தண்டனை உண்டு. இரண்டு முறைகளையும் சேர்த்துப் பார்க்க இச்செயலி இடம் தருவது சரியான முடிவு.

கச்சிதமாக இருந்தால் நியாயமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். வளைந்து நெளிந்த தொகுதிதான் அநியாயத்தின் அடையாளம் என்பது 1812இலிருந்து வரும் நம்பிக்கை. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தைப் போல இருந்ததால்தான் 'கெர்ரிமாண்டர்' என்ற சொல்லே பிறந்தது. வட கரோலினாவின் 2016 வரைபடம் அதற்கு முந்தைய 2011 வரைபடத்தைவிடப் பார்வைக்கு எவ்வளவோ ஒழுங்கானது. விளைவு மட்டும் அதே 10க்கு 3. கணினி வந்த பிறகு நெளிவே இல்லாமல் அநியாயம் செய்ய முடிகிறது. டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோனதன் மட்டிங்லி, கட்சி விவரங்களைப் பாராமல் கணினி வழியாக 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களை உருவாக்கிப் பார்த்தார். அவற்றில் 10க்கு 3 என்ற முடிவைத் தந்தவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஆய்வு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டது. ஆயினும் 2019இல், அந்த 2016 வரைபடத்தை எதிர்த்த ருச்சோ வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கட்சி நலனுக்காகத் தொகுதி வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கதவைச் சாத்தியது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்புக்கு நீதிபதி எலினா கேகன் மறுப்புரை எழுதினார். இன அடிப்படையில் வாக்கை நலிவடையச் செய்யும் கோடுகளை எதிர்ப்பது வேறு வழி. 2023இல் அலபாமா வழக்கில் அதே நீதிமன்றம் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை வைத்து மனுதாரர் பக்கம் நின்றது.

மதிப்பெண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மதிப்பெண் என்று ஒன்று இருந்தால் மனம் அதைத் துரத்தும். இரண்டாவது மாதத்தில் நான் ஊர்களை மறந்துவிட்டு எண்ணைக் கூட்டுவதற்காகவே கட்டங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஐந்தும் ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை. போட்டித்தன்மையைக் கூட்டினால் சிறுபான்மைப் பிரதிநிதித்துவம் குறையலாம், கச்சிதத்தைக் கூட்டினால் விகிதப் பொருத்தம் குறையலாம். எதற்கு எவ்வளவு எடை என்பதை மென்பொருள் முடிவு செய்ய முடியாது. சமூகம் முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். ஓர் ஆற்றின் இரு கரையிலும் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிவார்களா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்துச் சந்தைக்கு வருவார்களா என்பதெல்லாம் இந்த ஐந்து எண்களில் இல்லை. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரயில்வே பாலத்துக்கு இருபுறமும் இரண்டு வாழ்க்கை என்பது தெரியும். வட கரோலினாவின் பாலங்களை எனக்குத் தெரியாது. ஆகவே என் வரைபடத்துக்கு எவ்வளவு மதிப்பெண் கிடைத்தாலும் அது அந்த ஊர்க்காரர் வரைந்ததற்கு ஈடாகாது.

இன்னொரு குறை, கடந்த தேர்தல்களின் வாக்குகளை வைத்தே வருங்கால முடிவைச் செயலி கணிப்பது. இரு கட்சிகள் மட்டுமே நிலையாக மோதும் நாட்டில் அது ஓரளவு பொருந்தும். தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறும் நம் மாநிலத்தில், சென்ற முறை ஒரு கூட்டணிக்கு விழுந்த வாக்கை இந்த முறை யார் கணக்கில் எழுதுவது? இந்த முறையை அப்படியே இங்கே இறக்கினால் தவறான முடிவுகள்தான் வரும். அதோடு முழுக்க ஆங்கிலத்தில் இருப்பது தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்குத் தடை. கைப்பேசியின் சிறு திரையில் பிரிசிங்ட் அளவு வேலையைச் செய்ய நினைக்க வேண்டாம், அகலத் திரையும் சுட்டியும் வேண்டும்.

இங்கே நம் நாட்டுக்கு வருகிறேன். இரண்டு கேள்விகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பது ஒன்று; ஒரு மாநிலத்துக்குள் கோடு எங்கே போகிறது என்பது இன்னொன்று. 2025 மார்ச் 22 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய சென்னைக் கூட்டத்தில் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்கள் உட்படப் பல மாநிலத் தலைவர்கள் பேசியது முதல் கேள்வியை. 1976இன் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காக இழக்கக் கூடாது என்ற நியாயம் எனக்கு உயிரானது. தமிழ்நாட்டுக்கு 1962இல் இருந்த 41 மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆனதைச் சுட்டிக்காட்டி, அந்த இழப்புக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் ஈடாகத் தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021 ஆகஸ்டில் கேட்டதைப் பலர் மறந்திருக்கலாம். இந்தக் கேள்விக்குச் செயலியில் விடையில்லை. அது நாடாளுமன்றம் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

இரண்டாவது கேள்விக்குத்தான் இச்செயலி கைகொடுக்கிறது. நம் நாட்டில் கோட்டைப் போடுவது ஆளுங்கட்சியின் சட்டமன்றம் இல்லை, ஓர் ஆணையம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தின் 2008 ஆணைப்படித்தான் இன்றைய 234 சட்டமன்றத் தொகுதிகளும் 39 மக்களவைத் தொகுதிகளும் இருக்கின்றன. மக்கள் பிரதிநிதிகள் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்களிக்க முடியாது. வட கரோலினாவைப் பார்த்த கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்குகிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: அரசமைப்பின் 329ஆம் கூறும் மறுவரையறைச் சட்டமும் ஆணையத்தின் ஆணையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதைத் தடுக்கின்றன, மேகராஜ் கோத்தாரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. ஜம்மு காஷ்மீரில் 83 இடங்கள் 90 ஆனபோது, கூடிய ஏழில் ஆறு ஜம்முவுக்கும் ஒன்று காஷ்மீருக்கும் போனது பெரும் விவாதமானது. அந்த மறுவரையறையை எதிர்த்த மனுவை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 ஜூலையில், குஜராத்தின் பர்தோலி தொகுதி தொடர்பான கிஷோர்சந்திர ராத்தோட் வழக்கில், ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையானதாகவும் அரசமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. தன்னிச்சையானது என்று எப்படிக் காட்டுவது? வேறு எப்படியெல்லாம் வரைந்திருக்கலாம் என்று காட்டித்தான். அதற்குக் கருவி வேண்டும்.

2008 ஆணை 2011 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது சென்னையில் 14 தொகுதிகள் 16 ஆயின. புரசைவாக்கம், பூங்கா நகர் என்ற தொகுதிகளே இல்லாமல் போயின. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின. கொளத்தூரும் வேளச்சேரியும் விருகம்பாக்கமும் புதிதாக வந்தன. தனித்தொகுதியாக இருந்த பெரம்பூர் பொதுத்தொகுதியாகி, திரு.வி.க. நகர் தனித்தொகுதியானது. என் அண்ணன் குடும்பம் வீடு மாறவில்லை, தொகுதி மாறியது. வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டுப் பொது அமர்வு நடத்த வேண்டும் என்று 2002 சட்டம் சொல்கிறது. அப்படியோர் அமர்வு நடந்தபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கையில் கொண்டுபோக எங்களிடம் மாற்று வரைபடம் எதுவும் இருந்திருக்காது.

இதுபோன்றதொரு செயலி தமிழ்நாட்டுக்கு ஏன் இன்னும் இல்லை என்று தேடியபோது எனக்குக் கிடைத்த பதில் மிகவும் வருத்தியது. ஒரு சென்ட் நிலத்தின் புலப்படத்தை இன்று யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம், பட்டாவும் அப்படியே. ஒரு வாக்குச்சாவடிப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் வாக்காளர் பட்டியலின் முகப்பில் தெருப் பெயர்களாகத்தான் கிடைக்கிறது, கணினியில் ஏற்றத்தக்க எல்லைக் கோப்பாக இல்லை. வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தரும் படிவம் 20 இருக்கிறது, அதுவும் பி.டி.எஃப். பக்கங்களாக, ஒவ்வோர் எண்ணையும் கையால் தட்டச்சு செய்யவேண்டிய நிலையில். கணக்கெடுப்பு விவரங்களோ வார்டுக் கணக்கில், பாகத்தோடு பொருந்தாத எல்லைகளில். இந்த மூன்றையும் ஒரே நிலத்தின் மேல் பொருத்தி வெளியிடும் வேலை அரசுக்குக் கடினமானதில்லை. எங்கள் துறை அதைவிடக் கடினமானதைச் செய்து முடித்திருக்கிறது. அடுத்த ஆணையம் அமையும் முன் அது நடக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 ஆனபோது விட்டுவிட்டோம், இனியும் விடலாகாது.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நேராக வெற்று மாநிலத்தில் தொடங்காதீர்கள். பொதுவில் உள்ள அதிகாரப்பூர்வ வரைபடம் ஒன்றைப் படியெடுத்துக்கொண்டு அதில் இரண்டு தொகுதிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். நூறு கவுண்ட்டி உள்ள வட கரோலினா பெரிதாகத் தோன்றினால் நான்கு தொகுதிகளே உள்ள அயோவாவை எடுத்துக்கொள்ளலாம். அச்சிடும்போது வண்ணத்திலேயே அச்சிடுங்கள். நாங்கள் ஒரு கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பதினான்கு தொகுதிகளும் ஒரே சாம்பலாக வந்து, கருத்தரங்குக்கு முந்தின நாள் மீண்டும் ஓடினோம். கல்லூரிகளிலும் பள்ளி மேல்வகுப்புகளிலும் குடிமையியல் பாடத்தோடு இதை ஒரு வாரம் செய்யவைக்கலாம். தரவும் மொழியும் நமதாக இல்லாததால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

என் அண்ணன் மகளின் கட்டுரை நல்லபடியாக முடிந்தது, நாங்கள் நிறுத்தவில்லை. நிலப்படங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கி, பெரம்பூர் தொகுதியின் படிவம் 20ஐ அவள் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்கிறாள். வாக்காளர் பட்டியலின் தெருப் பெயர்களை எழுதிக்கொண்டு, காலை வெயில் ஏறும் முன் நான் நடந்து போய் ஒவ்வொரு பாகத்தின் எல்லையையும் காகிதத்தில் குறித்துவருகிறேன். நேற்று வரை 47 பாகங்கள் முடிந்திருக்கின்றன. நாற்பத்தெட்டாவது பாகத்தில் ஒரு முட்டுச்சந்தின் இரு பக்கமும் வெவ்வேறு பட்டியலில் இருக்கின்றன. நாளைக் காலை அங்கே போய் கதவு எண்களைச் சரிபார்க்க வேண்டும்.